வீட்டுக்காரியின் பெயர் இல்லாமல் சேமிக்க முடியாது

நற்பிட்டிமுனை
11.04.2005

அன்புத் தம்பி றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் பிள்ளைகளும் இந்தத் தற்காலிக வீட்டில் சுகம், அல்ஹம்துலில்லாஹ். உன் ஹாஜறாவும் இரண்டு பிள்ளைகளும் அவளுடைய சின்னம்மா வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. டோஹாவில் வெயில் தொடங்கியிருக்கும், தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

ஜனவரியில் நீ வந்து பத்து நாள் நின்று, சுனாமியில் போன உம்மாவின் கப்றடியில் அழுதுவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு இங்கே நடப்பதைப் போனில் சொல்லி எனக்கு ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

கடலோரத்தில் வீடு போனவர்களுக்கு ஒரு நிறுவனம் வீடு கட்டித் தரப்போகிறதாம். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பதிந்தார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த மனுசன் தலை நிமிராமல் கேட்டான்:

"உங்கட புருசன் மௌத்தா?"

"இல்ல."

"உட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல, அந்தா மரத்துக்குக் கீழ நிக்கிறார்."

"அப்ப அவருதான் குடும்பத் தலைவர். நீங்க தள்ளி நில்லுங்க, அவர வரச் சொல்லுங்க."

நான் தலைவி என்று எழுத வேண்டுமென்றால் மச்சான் சாக வேண்டும். படிவத்தில் வேறு வழி இல்லை. அது என் வீடு தம்பி. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இந்த ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் எவன் கலியாணம் முடித்தான்? கை வீசிக்கொண்டு வந்த மாப்பிள்ளையெல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குச் சொந்தக்காரனா? மச்சானிடம் கத்தினேன். "பேருதானே புள்ள, என்ன வந்திரிச்சி இப்ப?" என்கிறார். "பேருதான் எண்டா எண்ட பேர எழுதச் சொல்லுங்க" என்றேன். அவர் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சீதனம் வாய்ச்சொல்லால் தந்தது. மீதிப் பேரின் உறுதி கடலோடு போனது. அப்போதுதான் எனக்கு நம்முடைய கேஸ் ஏஜென்சி ஞாபகம் வந்தது. பதினொரு வருடம் அந்தக் கொம்பியூட்டரில் நான் அடித்த பெயர்கள் எல்லாம் அதில் கிடக்கின்றன. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு, தெரு, வீட்டிலக்கம், சிலிண்டர் கொடுத்த தேதி. எல்லாம் பெண்களின் பெயர். முதலாளி அப்துல் கபூர் ஹாஜியார் முதல் நாளே உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "சிலிண்டர் வீட்டோட நிக்கிற சாமான் மனே. மாப்பிள்ள இண்டைக்கு வருவான், நாளைக்குப் போவான். வீட்டுக்காரிட பேரப் போடு." நீயும் அப்படியே எழுதித் தந்தாய்.

அந்தப் பட்டியலை அச்சில் எடுத்தால் யார் வீடு எது என்று எவனும் மறுக்க முடியாது. ஆனால் பழைய மெஷின் கரண்ட் திரும்பி வந்த அன்றே எரிந்துபோனது. ஹாஜியார் கொழும்பிலிருந்து பாவித்த மெஷின் ஒன்று எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கை அதற்குள் போடுவித்தார். விண்டோஸ் 98 நன்றாக வேலை செய்கிறது. உன்னுடைய புரோகிராமை அழுத்தினால் கறுப்புத் திரையில் 'ரன்டைம் எரர் 200' என்று ஒரு வரி வந்து செத்துவிடுகிறது.

என்ன செய்வதென்று எழுதி அனுப்பு. கடிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

உன் ராத்தா
றபீக்கா

—

டோஹா
02.05.2005

பாசமுள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். 'மச்சான் சாக வேண்டும்' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நான் நல்ல சுகம். அறையில் ஆறு பேர், ஏசி ஒன்று, அதுவும் வேலை செய்கிறது.

பயப்படாதீர்கள், பெயர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். அந்தப் புரோகிராம் எழும்பியதும் முதலில் மெஷினின் வேகத்தை அளந்து பார்க்கும். நான் எழுதிய காலத்து மெஷின் மாட்டு வண்டி. இப்போதுள்ளது வேகம் கூடியது. அளக்கிற கணக்குப் பூச்சியத்தால் வகுக்கப்போய் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். திருத்திய கோப்பை ஒரு பிளொப்பியில் போட்டு, ஊருக்கு வருகிற றமீஸிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

விண்டோசுக்குள் இருந்து திறக்க வேண்டாம். மெஷினை நிறுத்தும் இடத்தில் டொஸ்ஸில் மீண்டும் தொடங்கு என்று ஒரு தெரிவு இருக்கும், அதை எடுங்கள். கறுப்புத் திரை வந்ததும் பிளொப்பியில் உள்ளதைப் பழைய இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். கட்டளைகளைத் தனித் தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். புள்ளி, இடைவெளி ஒன்றும் பிசகக் கூடாது.

பழைய பிரிண்டரை எறிந்துவிடாதீர்கள். புதிய பிரிண்டர்களுக்கு டொஸ்ஸின் பாஷை விளங்காது.

ராத்தா, அந்த வீட்டுப் பதிவுக்கு வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதலாமா? சும்மா கேட்டேன். மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள். உங்கள் கால் வீக்கத்துக்கு மருந்து எடுங்கள்.

தம்பி
றஸாக்

—

நற்பிட்டிமுனை
20.06.2005

அன்புத் தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். கால் வீக்கம் வரிசையில் நிற்கிற வரைக்கும் இருக்கும். உன் சுகத்தை அல்லாஹ் காப்பாற்றட்டும்.

பிளொப்பி கிடைத்தது. நீ எழுதியபடி செய்தேன், புரோகிராம் திறந்தது! நீல நிறத்தில் அந்தப் பழைய முகப்பு. இங்கிலிசு எழுத்தில் நீ அடித்த தமிழ், 'வீட்டுக்காரியின் பெயர்' என்று முதல் கட்டம். ஹாஜியார் மேல்மாடிக்கு ஏறி வந்து பார்த்து, "றஸாக் பொல்லாத கெட்டிக்காரன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெயர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை.

ஆனால் பெயர் வரிசை குழம்பிக் கிடக்கிறது. கமீலாவைத் தேடினால் செய்னம்புவின் வீடு வருகிறது. அச்சில் எடுத்தால் நாற்பதாவது பெயரோடு பிரிண்டர் நின்றுவிடுகிறது. அடுத்து என்ன செய்வது?

நீ கேட்டதற்குப் பதில்: ஓம், வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதலாமாம். இங்கே ஒரு ஆணுக்கு அதிகாரம் கொடுத்து எழுதிவிட்டால் போதும். மச்சான்தான் சொன்னார். ஹாஜறாவின் வீட்டுக்கு நீ கவலைப்படாதே, பட்டியல் வந்தால் அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் தீரும்.

நான் சும்மா இருக்கவில்லை. போன கிழமை எங்கள் தெருப் பெண்கள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பெரியவர் வெளியே வந்து, "இஸ்லாத்துல ஆம்புளதானே தலைவர்" என்று எங்களுக்கு மார்க்கம் படிப்பித்தார். "கதீஜா நாயகிட சொத்து யாரிட பேரிலயாம் இரிந்த?" என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அடுத்த தரம் வரும்போது எழுத்தில் ஆதாரம் கொண்டுவா என்று பியூனிடம் சொல்லி அனுப்பினார். கொண்டுபோய் அந்த மேசையில் போடாமல் விடமாட்டேன். சீக்கிரம் எழுது.

ராத்தா
றபீக்கா

—

டோஹா
29.08.2005

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் சுகம், மச்சான் சுகம், பிள்ளைகள் சுகம், கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். வேலை கூட, அதனால் பிந்திவிட்டது. உங்களுக்காகத் துஆ கேட்கிறேன். நோன்பு வரப்போகிறது, உடம்பைக் கவனியுங்கள்.

வரிசை குழம்பியதற்கு: கடையில் இருக்கும் பழைய முதல் பிளொப்பியைப் போட்டு இன்ஸ்டோல் என்று அடியுங்கள். கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று கொடுத்துக்கொண்டு போங்கள். இடையில் நிற்பாட்ட வேண்டாம்.

தம்பி
றஸாக்

—

நற்பிட்டிமுனை
15.09.2005

தம்பி றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை.

நீ சொன்னபடி இன்ஸ்டோல் அடித்தேன். முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதுக்கும் ஆம். மூன்றாவது வேகமாக வந்து போனது, அதற்கும் ஆம். புரோகிராமைத் திறந்தால் 'பதிவுகள்: 0' என்று காட்டுகிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள்! டிசம்பரில் ஒருமுறை கடல் கொண்டுபோன பெண்களை இப்போது நான் என் கையாலேயே இரண்டாம் தரம் கொண்டுபோனேன் என்று நினைத்தேன்.

அல்லாஹ் காப்பாற்றினான். வியாழக்கிழமை தோறும் கடை சாத்த முன்னர் எல்லாவற்றையும் பிளொப்பியில் கொப்பி பண்ணச் சொல்லி ஹாஜியார் பதினொரு வருடம் உயிரை வாங்குவாரே, அந்தப் பழக்கத்தில் இன்ஸ்டோல் போட முதல் நான் கொப்பி எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். பெயர்கள் வந்துவிட்டன. குழப்பமும் கூடவே வந்துவிட்டது.

உன்னைக் கேட்கிறேன், நீ எழுதிய புரோகிராம் எதை அழிக்கும் என்று உனக்குத் தெரியாதா? பால் அடுப்பில் இருக்கும்போது தூங்குகிறவள் மாதிரி அவசரத்தில் எழுதினாயா? இரவு வேலை செய்துவிட்டு நித்திரைக் கலக்கத்தில் எழுதியிருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இனிமேல் நிதானமாக யோசித்து எழுது.

அலுவலகத்தில் அடுத்த மாதம் பட்டியலை முடிக்கப் போகிறார்களாம். நாள் இல்லை.

ராத்தா
றபீக்கா

—

டோஹா
18.10.2005

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. உங்கள் கோபம் சரிதான், பிழை என்னுடையது. மறந்துவிட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது.

ராத்தா, ஒன்று சொல்கிறேன், ஏசாதீர்கள். அந்தப் புரோகிராம் இனி சரிவராது, பழசாகிவிட்டது. வரிசை ஒருமுறை உடைந்தால் திருத்த வழி இல்லை. இதற்குப் பின்னால் அலைந்து உடம்பைக் கெடுக்காதீர்கள். மச்சானின் பெயரில் வந்தால் என்ன, உங்கள் வீடுதானே? மச்சான் உங்களை வெளியே தள்ளப் போகிறாரா? ஊருக்கு முன்னால் ஆண்களைத் தலைகுனிய வைக்க வேண்டாம்.

பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்பியிருக்கிறேன்.

தம்பி
றஸாக்

—

நற்பிட்டிமுனை
17.11.2005

றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்.

திருத்த வழி இல்லை என்று எழுதினாய். ஹாஜியாரின் அலுமாரியில் சிலிண்டர் ரசீதுகளுக்குக் கீழே ஒரு நீல மட்டைக் கொப்பி கிடந்தது. கடைசிப் பக்கத்தில் 1995 என்று போட்டு, வலது பக்கம் சாயும் உன் எழுத்தில் இப்படி இருக்கிறது: 'பெயர் வரிசை குழம்பினால் வரிசைக் கோப்பை மட்டும் அழிக்கவும். புரோகிராம் தானாகப் புதிதாகச் செய்துகொள்ளும். இன்ஸ்டோல் ஒருபோதும் போட வேண்டாம். போட்டால் பெயர்கள் எல்லாம் போய்விடும்.' 'ஒருபோதும்' என்ற சொல்லுக்குக் கீழே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

அந்த ஒரு கோப்பை அழித்தேன். இரண்டு நிமிடம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். பிரிண்டர் கரகரவென்று அடித்து முடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் அவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்கு மச்சானின் பெயர், அப்துல் ஸமட், அது தெரிந்ததுதான். விரலை வைத்துக் கீழே இறங்கினேன். ஹாஜறாவின் வளவு இலக்கத்துக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? 'குடும்பத் தலைவர்: அப்துல் றஸாக். தற்போது வெளிநாட்டில். அதிகாரம் பெற்றவர்: அப்துல் ஸமட்.' விண்ணப்பித்த தேதி ஜூலை பதினொன்று.

என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் பதில் எழுத முந்தி, மச்சானுக்கு அதிகாரம் அனுப்பியிருக்கிறாய். அதன் பிறகுதான் எனக்கு இன்ஸ்டோல் அடிக்கச் சொன்னாய். எல்லாவற்றுக்கும் ஆம் என்று கொடுக்கச் சொன்னாய். மறந்துவிட்டேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா? உன் ஒரு பெயர் சுவரில் ஏற, அறுநூற்றுப் பன்னிரண்டு பெண்களை என் விரலாலேயே அழிக்கப் பார்த்தாய். வேலியே பயிரை மேய்ந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டுக்கு வந்து மச்சானைப் பிடித்தேன். "அவன்தான் ஒனக்கிட்ட சொல்லாத எண்டான்" என்று தலையைச் சொறிகிறார். மூன்று நாளாக அவருக்கு நான் தேத்தண்ணீர் ஊற்றவில்லை.

ஏன் என்று எழுது. சுகத்தை விசாரித்து இரண்டு பக்கத்தை நிரப்பாதே.

றபீக்கா

—

டோஹா
26.12.2005

ராத்தாவுக்கு,

இன்றைக்கு உம்மா போய் ஒரு வருடம். இன்றைக்காவது உண்மையை எழுதுகிறேன்.

நான் பிறந்தது உம்மாவின் வீட்டில். எனக்குப் பதினாலு வயதில் அது உங்கள் வீடாகிவிட்டது. அதற்குப் பிறகு கலியாணம் முடிக்கும் வரைக்கும் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அது வேறு. பிறகு ஹாஜறாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு சூட்கேசோடு போனேன். ஒன்பது வருடம் இந்த மணலில் கிடந்து அந்த வீட்டு நிலத்துக்குக் கல் பதித்தேன், மதில் கட்டினேன், குளியலறை வைத்தேன். கதவுக்குப் பலகை தெரிவு செய்தது நான். அதைக் கடல் கொண்டு போனபோது ஊரில் என்ன சொன்னார்கள்? "ஹாஜறாட ஊடு போயிட்டு." ஜனவரியில் வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் பக்கத்தில் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் போகவில்லையா ராத்தா?

இங்கே என் கட்டிலில் இலக்கம் ஒட்டியிருக்கிறார்கள், பெயர் இல்லை. அங்கே வீட்டிலும் பெயர் இல்லை. நாளைக்கு ஹாஜறா கோபித்துக் கதவைச் சாத்தினால் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் எங்கே போவது? நாற்பது வயதாகப் போகிற ஆணுக்கு ஒரு கல்லிலாவது தன் பெயர் இருக்கக் கூடாதா? அந்தப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருக்கிறதென்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு ஆசை வந்தது. உங்களுக்குக் கோபம் வந்த அதே இடத்தில் எனக்கு ஆசை வந்தது.

உங்கள் பட்டியல் வந்தால் என் விண்ணப்பம் நிற்காது என்று எனக்குத் தெரியும். செய்தது பிழை. ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

றஸாக்

—

நற்பிட்டிமுனை
12.01.2006

தம்பி றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வாசித்து அழுதேன். கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாய் என்ற இடத்தில் அழுதேன். நானும் உன்னிடம்தான் இன்னும் இரண்டு கதிரை கொண்டுவரச் சொன்னேன்.

ஆனால் ஆசைப்பட்டவன் கேட்டிருக்க வேண்டும். ஹாஜறாவிடம் நேரே கேட்டிருந்தால் அவள் பாதியை உன் பெயரில் எழுதியிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை. அழித்தாய். உன் கோபத்துக்கு உரிமை உண்டு. அவளுடைய வீட்டுக்கு உரிமை இல்லை.

இப்போது கேள். பட்டியலை அலுவலகத்தில் போட்டேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்ல மனுசன், கதிரை தந்து இருக்கச் சொல்லி எல்லாத் தாளையும் பார்த்தார். "இத நீங்களே நேத்து அடிச்சு எடுக்கல்ல எண்டு எப்படி நம்புற?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஹாஜியார் கையெழுத்து வைத்துவிட்டார். புரோகிராமை எழுதியவனின் கடிதமும் வேண்டுமாம். இது எப்படி வேலை செய்கிறது, யாருடைய பெயரை எந்த ஆண்டு முதல் பதிந்தது என்று.

அதை எழுதினால் சுவரில் இருக்கும் உன் பெயர் போய்விடும். எழுதாவிட்டால் எங்கள் எல்லோருடைய பெயரும் போய்விடும். இதற்கு மேல் உன்னிடம் கெஞ்ச மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

ராத்தா
றபீக்கா

—

டோஹா
07.06.2006

சம்பந்தப்பட்டவர்களுக்கு,

கல்முனையில் அப்துல் கபூர் ஹாஜியாரின் கேஸ் ஏஜென்சியில் பாவிக்கப்படும் வாடிக்கையாளர் பதிவுப் புரோகிராமை 1994ஆம் ஆண்டு எழுதியவன் நான். இதில் முதல் கட்டம் வீட்டின் சொந்தக்காரியின் பெயருக்குரியது. கணவரின் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம். வீட்டுக்காரியின் பெயர் இல்லாமல் எந்தப் பதிவையும் சேமிக்க முடியாது. பதிந்த தேதியைப் பின்னர் மாற்றவும் முடியாது.

இந்தப் பட்டியலில் 214ஆம் இலக்க வீடு என் மனைவி ஹாஜறா உம்மாவுக்குச் சொந்தமானது. அந்த வீட்டுக்கு என் பெயரில் கொடுத்த விண்ணப்பத்தை நீக்கிவிடவும்.

அ. றஸாக்

—

டோஹா
14.06.2009

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள், மச்சான், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்று வருடமாக நான் உங்களுக்கு எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உங்கள் மகளின் கலியாணத்துக்கு ஹாஜறாவிடம் சொல்லித்தான் அன்பளிப்பு கொடுத்தேன்.

யுத்தம் முடிந்ததை இங்கே டிவியில் பார்த்தோம். அறையில் ஒருவர் சிரித்தார், ஒருவர் அழுதார், நான் இரண்டும் இல்லாமல் இருந்தேன். கம்பனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், என் பெயரும் வந்துவிட்டது. ஓகஸ்ட் மாதம், நோன்புக்கு முன்னர், ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன்.

ஹாஜறா புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம். போனில் நன்றாகத்தான் கதைக்கிறாள். ஆனால் நான் வருகிறேன் என்றால், "வாங்க, ஒங்கட விருப்பம்" என்கிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். நான் செய்தது அவளுக்குத் தெரியுமா? நீங்கள் ஏதும் சொன்னீர்களா? தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். எனக்கு எங்கே வந்து இறங்குவது என்று தெரியவில்லை.

தம்பி
றஸாக்

—

கல்முனைக்குடி
03.07.2009

அன்புத் தம்பி றஸாக்குக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். மச்சானுக்குச் சீனி வருத்தம், ஆனாலும் களவாகச் சீனி போட்டுத்தான் தேத்தண்ணீர் குடிக்கிறார். இந்தப் புது வீட்டின் பத்திரம் என் பெயரில் வந்த அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டு நாள் கழித்து, யாரும் கேட்காமலே, வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். எங்கள் தெருவில் இருபத்தேழு பேருக்குப் பத்திரம் பெண்ணின் பெயரில் வந்தது. இன்னும் நாலு பேருக்கு இழுபறி, அவர்களோடு கிழமைக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போகிறேன். உன் கடிதம் இல்லாவிட்டால் இது நடந்திராது. அதை நீ அறிந்து வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் ஹாஜறாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் உன் பெயர் ஒட்டியிருந்ததை அவளும் பார்த்தாள். "இது எப்படி ராத்தா வந்த?" என்று கேட்டாள். "கந்தோர்ல பிழையா எழுதிட்டானுகள் புள்ள" என்று சொன்னேன். தப்பே செய்யாத அலுவலகக்காரன் தலையில் உனக்காகப் பொய்யைப் போட்டேன். கந்தோர்க்காரர்களை ஏசி ஏசி வாய் புண்ணானவள், அந்த ஒரு தடவை நானும் பொய்க்காரி ஆனேன். நாலு வருடமாக அவள் என் வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் தேத்தண்ணீர் கொடுக்கிறேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு தரம் கேட்டவள் பிறகு கேட்கவில்லை.

உன்னுடைய பிழையை நான் எத்தனை காலத்துக்குச் சுமப்பது? நீயே சொல். போனிலும் வேண்டாம், கடிதத்திலும் வேண்டாம். அவளுடைய வாசலில் நின்று, பிளொப்பியில் தொடங்கி எல்லாவற்றையும் உன் வாயால் சொல். உன் கோபத்தையும் சொல், கதிரை போட்டுக்கொண்டு நின்றதையும் சொல், அதை அவள் கேட்க வேண்டியவள்தான். அவள் உள்ளே கூப்பிட்டால் போய்த் தலை நிமிர்ந்து இரு. கூப்பிடாவிட்டால் இங்கே வா. உம்மா இல்லாதவனுக்கு ராத்தாவின் வீடுதான். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் அவளிடம் சொல்லாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாயென்றால், உனக்குச் சோறு போட்டுவிட்டு நானே எழும்பிப் போய் அவளிடம் சொல்லிவிடுவேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் எனக்குப் போன் எடுக்காதே. ஹாஜறாவுக்கு எடு.

வஸ்ஸலாம்.

உன் ராத்தா
றபீக்கா